ஒளிர்வுக் காலக்கணிப்பில் வயது பிசகினால்: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

சுருட்டப்பள்ளியிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகப் பெரியபாளையம் வரை ஆரணியாற்றின் கரையிலும், அதற்குத் தெற்கே கொசஸ்தலையாற்றுப் படுகையிலும் மண் மாதிரி எடுத்து ஒளிர்வு முறையில் வயது காண முயலும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த இரண்டு ஆறுகளும் ஆந்திரப் பக்கத்து மலைகளிலிருந்து மணலை அள்ளிவந்து நம் பக்கத்தில் பரப்புகின்றன. கரையை வெட்டிப் பார்த்தால் சரளை, சவுடு, வண்டல், களி என்று அடுக்கடுக்காகத் தெரிகிற மண்ணுக்குள் கற்காலக் கருவி முதல் இரும்புக்காலப் பானை ஓடு வரை கிடக்கிறது. அவற்றுள் பலவற்றின் அருகில் கரி கிடைப்பதில்லை. கிடைத்தாலும், ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் கரிமக் கணிப்பு கைகொடுப்பதில்லை. எனவே மணலையே கேட்க வேண்டியிருக்கிறது.

மணலின் கணக்கு எளியது. மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சும் விண்வெளிக் கதிரும் படப்பட, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் மணிகளுக்குள் எலக்ட்ரான்கள் பொறிகளில் சிறைப்படுகின்றன. வெயில் பட்டால் அவை விடுபட்டுப் பொறிகள் காலியாகின்றன; இதை வெளுத்தல் என்போம். புதைந்தபின் மீண்டும் நிரம்புகின்றன. ஆய்வகத்தில் ஒளியைப் பாய்ச்சும்போது வெளிவரும் ஒளிர்வைக்கொண்டு, மணி புதைந்திருந்த காலத்தில் எத்தனை கிரே (கதிரளவின் அலகு) கதிரை வாங்கியிருக்கிறது என்று காண்கிறோம். இதைத் திரண்ட கதிரளவு என்போம். ஆயிரம் ஆண்டுக்கு எத்தனை கிரே கிடைத்திருக்கும் என்பது கதிர் வீதம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வயது.

வகுத்தலில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் இருப்பதால் பிழையும் இரண்டு இடங்களில் பிறக்கலாம். ஆயினும் விடை பிசகும்போது மாணவர்கள் முதலில் சந்தேகிப்பது கருவியைத்தான். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது: முதலில் குழியருகே எழுதிய குறிப்பேட்டைத் திறக்க வேண்டும், பிறகு இருட்டறைப் பதிவை, அதன்பின்தான் கருவியை. கீழே உள்ள அறிகுறிகளைப் படிக்கும்போதும் இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒளியே வரவில்லை, அல்லது பின்னணி இரைச்சலுக்கு மேல் எழவில்லை

இந்த ஓர் அறிகுறிக்கு மட்டும் கருவியை முதலில் பார்க்கலாம், ஏனெனில் அதற்கு ஐந்து நிமிடம் போதும். கொடுத்த கதிரும் ஒளிர்வும் தெரிந்த அளவீட்டுக் குவார்ட்ஸ் வட்டு (மணிகளை ஒட்டிய சிறு தகடு) ஒன்றை வைத்து அளந்து பாருங்கள். அது வழக்கம்போல் ஒளிர்ந்தால் நீல விளக்கும், புற ஊதா வடிகட்டியும், ஒளிபெருக்கிக் குழாயும் நலமாக உள்ளன என்று பொருள். குறை மணலில் இருக்கிறது.

குவார்ட்ஸ் மணிகள் எல்லாம் ஒரே கூர்மையுடன் ஒளிர்வதில்லை. பாறையிலிருந்து அண்மையில் உதிர்ந்த மணி மந்தமாகவே இருக்கும்; பலமுறை புதைந்தும் வெயில் கண்டும் ஆற்றோடு நெடுந்தூரம் வந்த மணிதான் நன்றாக ஒளிரும். ஆகவே மலையடிவாரத்துச் சரளையில் எடுத்த மாதிரி மந்தமாக இருப்பதும், பழவேற்காட்டை நெருங்கிய சமவெளி மணல் பிரகாசமாக இருப்பதும் வியப்புக்குரியதன்று. வட்டில் 2 மி.மீ. அகலத்துக்கு ஒட்டிய மணிகளை 8 மி.மீ. அகலத்துக்கு விரித்து ஒட்டிப் பாருங்கள். அப்போதும் எழவில்லையெனில் அந்த மாதிரியில் குவார்ட்ஸை விட்டுவிட்டு ஃபெல்ட்ஸ்பாருக்கு மாறுவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

அறிகுறி: குவார்ட்ஸ் என்று அளப்பது அகச்சிவப்புக்கும் ஒளிர்கிறது

சுத்தமான குவார்ட்ஸ் அறை வெப்பநிலைக்கு அருகில் அகச்சிவப்பு ஒளிக்கு ஒளிர்வதில்லை. ஒளிர்ந்தால் ஃபெல்ட்ஸ்பார் கலந்திருக்கிறது. நீல ஒளிக்கு முன்பு அகச்சிவப்பைப் பாய்ச்சி அளந்த விடைக்கும் பாய்ச்சாமல் அளந்த விடைக்கும் உள்ள விகிதம் 0.9-க்குக் கீழே போனால் அந்த வட்டை ஏற்கக் கூடாது.

அடர்த்திப் பிரிப்பைச் சரிபாருங்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, சோடியம் பாலிடங்ஸ்டேட் கரைசலை 2.62-லும் 2.70-லும் வைத்துப் பிரித்தால் இடையில் நிற்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். கரைசல் கோடையில் நீர் ஆவியாகிக் கெட்டியாகும். காலையில் அளந்த அடர்த்தி மாலையில் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். அடுத்தது 40% ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 40 நிமிடம் முதல் ஒரு மணிநேரம் வரை ஊறவைப்பது. இது ஃபெல்ட்ஸ்பாரைக் கரைப்பதோடு, ஆல்ஃபாக் கதிர் தாக்கிய மணியின் மேல்தோலையும் நீக்கிவிடுகிறது. பின்பு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி மீண்டும் சலிக்க வேண்டும். அரிக்கப்பட்ட ஃபெல்ட்ஸ்பார்த் துணுக்குகள் அந்தச் சலிப்பில்தான் விழும். இந்தக் கடைசிச் சலிப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் பட்டவுடன் எரிவதில்லை. தோலுக்குள் இறங்கி எலும்பையும் இரத்தத்திலுள்ள கால்சியத்தையும் தாக்கி உயிருக்கே ஆபத்தாகும். புகைபோக்கிக் கூண்டும், தகுந்த கையுறையும், கைக்கெட்டும் இடத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இல்லாத அறையில் இந்தப் புட்டியைத் திறக்கவே கூடாது.

அறிகுறி: மறுமுறை கொடுத்த அதே கதிருக்கு வேறு விடை, கதிரே கொடுக்காதபோதும் ஒளி

ஒரே வட்டில் பல சுற்றாக அளக்கும் முறையை மரேயும் வின்டிலும் 2000-ஆம் ஆண்டில் ஒழுங்குபடுத்தினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிறிய சோதனைக் கதிர் ஒன்றைக் கொடுத்து மணியின் கூர்மை மாறுவதைத் திருத்துவதே அதன் உயிர்நாடி. திருத்தம் வேலை செய்தால், முதலில் கொடுத்த கதிரை இறுதியில் மீண்டும் கொடுக்கும்போது விகிதம் 0.9-க்கும் 1.1-க்கும் இடையில் நிற்கும். சுழியக் கதிருக்கு வரும் ஒளி, இயற்கை ஒளிர்வில் 5%-க்குள் அடங்கும்.

அடங்காவிட்டால் முன்சூட்டை, அதாவது ஒளியைப் பாய்ச்சுமுன் வட்டைச் சூடாக்குவதை, குறை சொல்லலாம். சூடு அதிகமானால் வெயிலுக்கு அசையாத ஆழமான பொறிகளிலிருந்து எலக்ட்ரான்கள் நாம் அளக்கும் பொறிக்கு இடம்பெயர்கின்றன. இளம் மாதிரியில் இது வயதையே இரட்டிப்பாக்கிவிடும். 160 முதல் 300 செல்சியஸ் வரை 20 பாகை இடைவெளியில் முன்சூட்டை மாற்றி அளந்து, விடை மாறாமல் சமதளமாக நிற்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு வெளுத்த மணலுக்குத் தெரிந்த கதிரைக் கொடுத்து, தெரியாததுபோல் அளந்து பாருங்கள். கொடுத்ததே திரும்பி வராத அமைப்பில் இயற்கை மாதிரியை அளப்பது வீண்.

அறிகுறி: வட்டுக்கு வட்டு விடை சிதறுகிறது

நம் பகுதியில் அதிகம் காணும் கோளாறு இதுதான். பிழைக்கணக்கை மீறிய சிதறல் 20%-க்குள் இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால், சராசரி எடுக்குமுன் சிதறலின் வடிவத்தைப் பாருங்கள்.

பெரும்பாலான விடைகள் கீழே திரண்டு, சில மட்டும் மேல்நோக்கி வால்போல் நீண்டால், மணல் புதையுமுன் முழுமையாக வெளுக்கவில்லை. இங்கே ஆறுகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் சில நாட்கள் மட்டும் செம்புழுதி கலந்து பெருக்கெடுத்து ஓடுகின்றன. அந்தக் கலங்கல் நீரில், இரவிலும் மேகமூட்டத்திலும் உருண்டுவந்து படிந்த மணி வெயிலைப் பார்த்திருக்காது. நல்ல வெயிலில் ஒரு நிமிடத்துக்குள் குவார்ட்ஸின் விரைவுப் பகுதி (ஒளிக்கு எளிதில் காலியாகும் பொறிகள்) பெரும்பாலும் காலியாகிவிடும். ஆனால் அந்த ஒரு நிமிடம் கிடைக்க வேண்டுமே. இத்தகைய மாதிரிக்குக் கால்பிரெய்த் குழுவினர் 1999-இல் வகுத்த குறைந்தபட்ச வயது மாதிரியம் (கீழே திரண்ட விடைகளிலிருந்து வயது காணும் புள்ளியியல் கணக்கு) பொருந்தும். வட்டில் மணிகள் எத்தனை குறைவோ அத்தனை நல்லது, ஏனெனில் நூறு மணிகளின் கூட்டொளியில் வெளுக்காத இரண்டு மணிகள் ஒளிந்துகொள்ளும். நூறு சிறு குழிகளில் ஒவ்வொரு மணியாக வைத்துப் பச்சை லேசரால் அளக்கும் வசதி கிடைத்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. பெருவெள்ளம் வடிந்த வாரத்தில் ஆற்றின் நடுவே புதிதாகப் படிந்த மணலில் ஒரு மாதிரி எடுத்து அளந்து பாருங்கள். அதன் வயது சுழியமாக இருக்க வேண்டும். சில நூறு ஆண்டு என்று வந்தால், அதே ஆறு அதேபோலப் படியவைத்த பழைய அடுக்கிலும் ஏறத்தாழ அந்த அளவு மிச்சம் இருந்திருக்கலாம் என்று கொள்ளலாம். பத்தாயிரம் ஆண்டு அடுக்குக்கு இது பொருட்டன்று. சங்ககாலக் குடியிருப்பு என்று கருதும் அடுக்குக்கு இதுவே எல்லாம்.

வால் கீழ்நோக்கி நீண்டால் கதை வேறு. மேலிருந்து இளம் மணிகள் உள்ளே இறங்கியிருக்கின்றன. செம்மண் மேட்டில் இந்த வேலையைச் செய்வது கறையான். அது அடிமண்ணை மேலே கொண்டுவந்து புற்றாக்கி, மேல்மண்ணை வளைவழியே கீழே இறக்கிவிடும். வேலிகாத்தான் வேர் அழுகிய துளையில் மணல் வழிந்து நிரம்பும். களிமண் கோடையில் வெடிக்கும்போது ஒரு முழ ஆழத்துக்கு மேல்மண் உதிரும். குழியின் முகப்பைச் செதுக்கிய அன்றே நிறமாற்றம், துளைத் தடம், வெடிப்புக் கோடு ஆகியவற்றை வரைந்து வைத்திருந்தால், ஆறு மாதம் கழித்து ஆய்வகத்தில் தெரியும் சிதறலுக்கு அந்தப் படமே விளக்கம் சொல்லும். வரைபடம் இல்லாதவரை எந்த மாதிரியம் பொருந்தும் என்பது ஊகமாகவே நிற்கும்.

அறிகுறி: எதிர்பார்த்ததைவிட வயது மிகவும் குறைவு

முதலில் மாதிரி எடுக்க முகப்பில் அடித்த குழாயைக் கேளுங்கள். வெள்ளை பி.வி.சி. குழாய் ஒளியை உள்ளே விடும். இரும்புக் குழாயோ கருப்புக் குழாயோதான் ஏற்றது. முகப்பை ஒரு சாண் ஆழமாவது புதிதாகச் செதுக்கியபின் குழாயை அடித்தீர்களா? குழாய் முழுவதும் மண் இறுகி நிரம்பியதா, அல்லது ஊர் திரும்பும் வழியில் வேன் குலுங்கி உள்ளே மணல் கலந்ததா? இருட்டறையில் இரு முனைகளிலும் 3 முதல் 5 செ.மீ. வரை நீக்கிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்தீர்களா? நீக்கிய முனை மண்ணை எறிய வேண்டாம். கதிர் வீதத்துக்கும் ஈரப்பதத்துக்கும் அது வேண்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்து, அளந்தது ஃபெல்ட்ஸ்பாராக இருந்தால், காரணம் வெளிப்படை. பொறியில் சிறைப்பட்ட எலக்ட்ரான், சூடும் ஒளியும் படாமலே காலப்போக்கில் கசிகிறது. வின்டில் 1973-இல் சுட்டிக்காட்டிய இந்தக் கசிவைக் காலம் பத்து மடங்காகும்தோறும் இத்தனை விழுக்காடு என்று அளக்கிறார்கள். அது 3% என்றால், ஆய்வகத்தின் இரண்டு நாளுக்கும் மண்ணுக்குள் கழிந்த ஒரு லட்சம் ஆண்டுக்கும் இடையே பத்து மடங்குகள் ஏழு இருப்பதால், ஒளிர்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். முதலில் 50 செல்சியஸில் அகச்சிவப்பைப் பாய்ச்சிக் கசியும் பகுதியை வெளியேற்றிவிட்டு, பின்பு 225 அல்லது 290 செல்சியஸில் மீண்டும் பாய்ச்சி அளந்தால் கசிவு மிகக் குறையும். ஆனால் இந்தப் பிந்தைய ஒளிர்வு வெயிலில் மெதுவாகத்தான் வெளுக்கும். சில கிரே எப்போதும் மிஞ்சும். 5 கிரே மிச்சம், ஆயிரம் ஆண்டுக்கு 3 கிரே வீதம் என்றால் 1,700 ஆண்டு பொய்யாகக் கூடுகிறது. எனவே இளைய அடுக்குக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள்.

அறிகுறி: மேலடுக்கு மூத்தது, கீழடுக்கு இளையது

குழாய்களின் எண் மாறியதா என்று பார்த்துவிடுங்கள். அது எளிதில் தீரும். எண் சரியாக இருந்தால் அடுக்கைப் பற்றி நாம் எண்ணியது தவறாக இருக்கலாம்.

ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு மேட்டு நிலத்தில் எங்களுக்கு இப்படி நேர்ந்தது. மேல் மாதிரியின் வயது கீழ் மாதிரியைப்போல் இரண்டு மடங்கு வந்தது. முன்சூட்டை மாற்றினோம், வட்டுகளைக் கூட்டினோம், கதிர் வீதத்தை மீண்டும் அளந்தோம், எதுவும் அசையவில்லை. பிறகு நிலத்துக்குரிய பெரியவரிடமே போய்க் கேட்டோம். அவர் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, “இது கெணறு வெட்டுன மண்ணு தம்பி. எங்க நைனா காலத்துல இங்க கொட்டி நெரவுனது” என்றார். ஆழத்திலிருந்து கூடை கூடையாக வந்து கொட்டிய மண்ணில் மேற்பரப்பு மணிகளைத் தவிர மற்றவை வெயில் படாமல் தங்கள் பழைய வயதை அப்படியே வைத்திருந்தன. கருவி பொய் சொல்லவில்லை. மாதிரி எடுப்பதற்கு முன்பே அந்த நிலத்தை உழுபவரிடம் அரை மணிநேரம் பேசியிருந்தால் ஒரு பருவ உழைப்பு மிஞ்சியிருக்கும். அன்று முதல் எங்கள் குறிப்பேட்டில் நிலக்காரர் சொன்னவை என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அறிகுறி: ஒளிர்வு ஒழுங்காக இருந்தும் வயது வரலாற்றோடு ஒட்டவில்லை

ஒளிர்வுச் சோதனைகள் அனைத்தும் தேறிவிட்டால், வகுத்தலின் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள். நானறிந்தவரை மிகுதியான பிழைகள் ஒளிந்திருப்பது இங்கேதான்.

ஈரப்பதம் முதலாவது. மணிகளுக்கிடையே நீர் நின்றால் அது கதிரை உறிஞ்சிக்கொள்ளும். உலர்ந்த நிலையில் ஆயிரம் ஆண்டுக்குப் பீட்டா 1.5, காமா 1.0, விண்கதிர் 0.2 கிரே என்று வைத்துக்கொள்வோம். ஈரம் 5% என்று கொண்டால் மொத்த வீதம் 2.56 ஆகும்; 20% என்று கொண்டால் 2.21 ஆகிவிடும். திரண்ட கதிரளவு 50 கிரே என்றால் முதல் கணக்கில் 19,500 ஆண்டு, இரண்டாவதில் 22,600 ஆண்டு. கத்திரி வெயிலில் குழி தோண்டி அன்றைய ஈரத்தை எழுதிக்கொண்டவரும், ஐப்பசியில் தோண்டியவரும் இதே மண்ணுக்கு மூவாயிரம் ஆண்டு வேறுபாடு காண்பார்கள். அன்றைய ஈரத்தோடு, மண் முழுதும் நனைந்தால் எவ்வளவு நீர் பிடிக்கும் என்பதையும் அளந்து, புதைந்திருந்த காலம் முழுவதற்கும் பொருத்தமான சராசரியை நியாயம் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும். பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் கட்டப்பட்டது. அதன் கரையோரக் குழியில் இன்று காணும் ஈரம் கற்காலத்து ஈரமன்று.

இரண்டாவது, மண் ஒருசீராக இல்லாமை. காமாக் கதிர் ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவிலிருந்து வரும், பீட்டா இரண்டு மூன்று மி.மீ. மட்டுமே. குழாய்க்குள் இருந்த மெல்லிய மணல் அடுக்கை மட்டும் பகுத்துவிட்டு, சுற்றியிருந்த சரளையையும் களியையும் விட்டுவிட்டால் காமாக் கணக்கு தவறும். கையடக்கக் காமா நிறமாலைமானியை அதே துளையில் வைத்து அளப்பதே சிறந்தது. இல்லையெனில் ஒரு முழத் தொலைவுக்குள் உள்ள எல்லா வகை மண்ணிலும் தனித்தனிப் பை எடுங்கள்.

மூன்றாவது, தோரியம். பத்து லட்சத்தில் 10 பங்கு தோரியம் இருந்தாலே ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.76 கிரே சேர்கிறது. தெற்கே கேரள எல்லையை ஒட்டிய மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் செறிந்த மோனசைட் கருமணலாகவே குவிந்திருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் இதை மறக்க முடியாது. நம் பக்கத்தில் அது அரிதாக, மணி மணியாக இருப்பதால் மறந்துவிடுகிறோம். ஒரு மோனசைட் மணிக்குப் பக்கத்தில் கிடந்த குவார்ட்ஸ் மட்டும் மிகுந்த பீட்டாவை வாங்கி, மேலே சொன்ன சிதறலில் உயர்ந்த வாலாகத் தெரியும். அதை வெளுக்காத மணி என்று கருதிக் குறைந்தபட்ச மாதிரியத்தை ஓட்டினால் வயது அநியாயமாகக் குறையும். கனமான மணிகளைத் தனியே பிரித்து உருப்பெருக்கியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நான்காவது, சுண்ணாம்புக் கட்டி. மண் படிந்து நெடுங்காலத்துக்குப் பின் நிலத்தடி நீரிலிருந்து சுண்ணாம்பு இறங்கிக் கட்டியாகும்போது, கதிரற்ற பொருள் இடையில் நுழைந்து வீதத்தைக் குறைக்கிறது. இன்று அளக்கும் வீதம் பண்டை வீதத்தைவிடக் குறைவு. ஆகவே வயது கூடிவிடும். யுரேனியமும் நீரில் கரைந்து போகவோ வந்து சேரவோ கூடும். யுரேனியத் தொடரின் தொடக்கத்தையும் ரேடியத்துக்குப் பிந்திய பகுதியையும் தனித்தனியே அளந்து இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று காண்பது நல்லது.

அறிகுறி: கதிர் கூட்டினாலும் வளைகோடு ஏறாமல் படுத்துவிட்டது

பொறிகள் நிரம்பிவிட்டன, இது பிழையன்று, எல்லை. குவார்ட்ஸில் பொதுவாக 150 கிரே அளவிலேயே நம்பகம் குறையத் தொடங்கும். வீதம் 2.5 ஆக இருந்தால் அது 60,000 ஆண்டு. கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தின் இடைப் பழைய கற்கால அடுக்குகள் இதைத் தாண்டியவை என்பதால், அங்கே குவார்ட்ஸுக்குப் பதிலாக மேலே சொன்ன, ஃபெல்ட்ஸ்பாருக்கு அகச்சிவப்பை இருமுறை பாய்ச்சும் முறையே கைகொடுத்தது. 2018-இல் வெளியான அந்த ஆய்வு 385,000-க்கும் 172,000-க்கும் இடைப்பட்ட காலத்தைக் காட்டியது. முன்னதற்கு 64,000, பின்னதற்கு 41,000 ஆண்டு ஏற்ற இறக்கம். அந்த ஏற்ற இறக்கத்தை மறைக்காமல் எழுதியிருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நிரம்பிய குவார்ட்ஸுக்குக் குறைந்தது இத்தனை ஆண்டு என்று மட்டும் எழுதுங்கள். ஒற்றை எண்ணைக் கொடுக்காதீர்கள்.

அறிகுறி: எல்லா மாதிரிகளும் ஒரே விகிதத்தில் மூத்துத் தெரிகின்றன

இப்போது கருவியைச் சந்தேகிக்கலாம். ஆய்வகத்தில் கதிர் கொடுக்கும் ஸ்ட்ரான்சியம்-90 மூலத்தின் அரைவாழ்வு ஏறத்தாழ 28.8 ஆண்டு, ஆண்டுக்கு 2.4% வலுவிழக்கிறது. பழைய அளவீட்டை நான்கு ஆண்டு திருத்தாமல் விட்டால் வயது 10% கூடும். மூலத்தை அளந்த தேதியை மென்பொருளில் சரிபாருங்கள்.

அறிகுறி: பானை ஓட்டில் வெப்ப ஒளிர்வு சமதளம் காட்டவில்லை

பானைக்குச் சூளைத் தீதான் வெயில்; அதன் பொறிகளைக் காலியாக்கியது அதுவே. வெப்ப ஒளிர்வு என்பது ஓட்டின் பொடியைச் சூடாக்கும்போது வெளிவரும் ஒளி. இயற்கை ஒளிர்வுக்கும் கதிர் கூட்டிய ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் 300 செல்சியஸுக்கு மேல் ஒரே மட்டமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால், முதலில் சூடாக்கும் அறையில் ஆக்சிஜன் எஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். தூய நைட்ரஜன் நிறையாவிட்டால், இடித்த பொடி தானாகவே பொய் ஒளி தரும். ஓட்டை வேகமாக அரைப்பதும் இதே தீங்கைச் செய்யும். இடுக்கியில் மெல்ல நசுக்குவது போதும். கருப்பு-சிவப்பு ஓட்டின் உட்கருமையைக் கண்டு வேகாத பானை என்று ஒதுக்கிவிட வேண்டாம், அந்தக் கருமை காற்றுக் குறைந்த சூளையில் சுட்டதால் வந்தது. உண்மையிலேயே சூடு போதாத ஓட்டில் மட்டம் எந்த வெப்பநிலையிலும் அமையாது.

கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்த ஓடு கையில் கிடைத்தால், அதன் வயதில் பெரும்பங்கு ஊகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அதைச் சூழ்ந்திருந்த மண்ணின் காமா வீதம் யாருக்கும் தெரியாது. அகழ்வோரிடம் கேட்க வேண்டியது சிறிய உதவிதான்: ஓட்டைக் கழுவாமல், வெயிலில் காயவைக்காமல் கருப்புப் பையில் இட்டு, அது கிடந்த இடத்தைச் சுற்றி எடுத்த இரண்டு கிலோ மண்ணை ஈரம் போகாதபடி வேறொரு பையில் கட்டி, இரண்டின்மேலும் ஒரே எண்ணை எழுதித் தர வேண்டும்.